எள்ளளவு

பதினொரு குப்பி.
குப்பிக்கு ஓர் எள்ளளவு காது,
சாராயத்தில் ஊறுகிறது.
டிபன் பாக்ஸ் மாதிரிப் பெட்டியை மடியில் வைத்து
குடியாத்தத்தில் ஜன்னலோரம் பிடித்தேன்.
பக்கத்து அம்மா முழங்கையால் இடித்தாள்:
"மீனா?"
"காது."
பாலாறு வரை பேசவில்லை.

அணில் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.
முதுகில் கோடில்லை. மூக்கு நீளம்.
தோளில் மட்டும்
யாரோ சுண்ணாம்பு விரலைத் துடைத்தாற்போல் ஒரு கீற்று.
மூங்கிலணத்தான்.
எங்கள் மலையில் மூங்கில் செத்துப் பல வருஷம்.
பெயரை மட்டும் வைத்துக்கொண்டு
உண்ணிப் புதருக்குள் ஓடுகிறது.

வறுத்த வேர்க்கடலை, நெத்திலிக் கருவாடு,
முப்பது கூண்டு.
தகரம் சுடுவதற்குள் தீர்த்தகிரி ஒரு சுற்று வருவான்.
பெரும்பாலும் எலி.
ஒருநாள் ஓணான்.
ஒருநாள், எப்படியோ, ஒற்றைச் செருப்பு.
மூன்று மாதத்தில் பதினொன்று.
பன்னிரண்டாவது என்று துள்ளிக்கொண்டு போனால்
காதில் என் துளையோடு
முதலாவது உட்கார்ந்திருந்தது.
"இதுக்குக் கடலைமேல ஆச" என்றான்.
கட்டைவிரலில் அது கடித்த இடம்
இன்னும் அரிக்கிறது.

பாலத்தில் பஸ் ஏறியதும் அந்த அம்மா தானாகத் தொடங்கினாள்.
சின்னவளுக்கு வேலூரில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறாளாம்.
அண்ணன் மகன் இருக்கிறான், நல்ல பையன்தான்.
"மூணு தலமுறையா உள்ளுக்குள்ளயே
குடுத்து எடுத்துக்கினோம்.
பெரியவளுக்கு ரெண்டும் தங்கல.
டாக்டரு போதும்மான்னுட்டாரு.
இனிமே ஆத்துக்கு அந்தாண்டதான்."

அந்தாண்ட.
மணலும் சீமைக் கருவேலமுமாக
ஆறு அகலமாய்க் கிடந்தது.
வலப்புறம் தூரத்தில் ஜவ்வாது, நீலமாக.
அங்கேயும் உண்டு,
தீர்த்தகிரியின் மச்சான் பார்த்திருக்கிறான்.
எங்கள் மலையிலிருந்து இறங்கினால்
தண்டவாளம், ஆறு,
இரவெல்லாம் லாரி ஓயாத தார்ச்சாலை,
கல்குவாரி, வாழைத்தோட்டம், நாய்கள்.
நூற்றைம்பது கிராம் உயிர்
இதில் எதைத் தாண்டும்?
இரண்டு ஆணை அங்கிருந்து கொண்டுவந்து விடலாம் என்று
எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
வனத்துறை, ஓர் இணைப்புக் குறைகிறது என்கிறது.
இந்தக் காதுகள்தான் அந்த இணைப்பு.

பொய்கை தாண்டி வெயில் பெட்டிமேல் விழுந்தது.
ஐஸ் கரைந்து என் சுடிதார் நனைந்திருந்தது.
அவள் பையிலிருந்து துண்டை எடுத்துப்
பெட்டிமேல் போட்டாள்.

"யாரோட காதும்மா?"
"மலையில ஒரு பதினோரு பேரு."
"எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தமா?"
"அதான் பாக்கப் போறேன்."

சற்று நேரம் சாலையைப் பார்த்தாள்.
"பாத்துச் சொல்லு," என்றாள்,
எங்கே வந்து சொல்வதென்று சொல்லாமல்,
புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி
மாப்பிள்ளை வீட்டுக்குப் பழம் விலை கேட்கப் போனாள்.
துண்டு என்னிடமே இருக்கிறது.