ஆறு மணிக்குப் பிறகு

திறந்த நாளுக்கு நாங்கள் போகவில்லை.
ஹாகன் நகரில் மூன்று கிண்டர்கார்டன்களை
பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு
எனக்குத் தெரியும்.

ஸ்டேஷனடியில் இருப்பது பெரியது.
சுவரெல்லாம் வடிவு.
குப்பைவாளிக்குள்
அன்றைக்குப் பிள்ளைகள் கீறின படங்கள்,
சாயம் காய முதலே.

தேவாலயத்தோடு ஒட்டினதில்
ஒரு குட்டிக் கதிரை மட்டும்
சுவரைப் பார்த்தபடி இருக்கும்.
திருப்பி வைத்துவிட்டுத் துடைப்பேன்.
மறுநாளும் சுவர்.

மூன்றாவதில் கூரை ஒழுகும்.
தரை நடுவில் மரக்கட்டைக் கோபுரம்,
பக்கத்தில் ஒரு தாள்:
"தயவுசெய்து இடிக்க வேண்டாம்.
எமில் இன்னும் முடிக்கவில்லை."

ஒன்பது நாள்
வாக்யூம் வயரைத் தூக்கிப் பிடித்து
அதைச் சுற்றிப் போனேன்.
பத்தாம் நாள் உச்சியில்
ஒரு தேநீர்க் கரண்டி.
தாளைக் காணவில்லை.

"கூரை ஒழுகுது எண்டு நீதானே சொன்னனீ"
என்கிறார் தயாபரன்.
"வாளி வைக்கத் தெரிஞ்ச ஆக்கள்" என்றேன்.

படிவத்தில் மகளின் பெயர், பிறந்த திகதி,
நிலக்கடலை ஒத்துவராது என்பது வரை
மளமளவென்று எழுதினேன்.
தாய் வேலை செய்யும் இடம்
என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.

பிறகு எழுதினேன்:
உங்களிடம்தான்.