தட்டு மூன்று

காட்பாடி, மே மாதம், மதியம் ரெண்டரை.
கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
வடிதாளில் அசிட்டோன் காய்ந்துவிட்டது.
அதில் கரைந்திருந்த இளமைச் சுரப்பு மட்டும்
கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கிறது.
அதன்மேல் இருபது கறையான்களை விடுகிறேன்,
இருபதும் வேலையாட்கள்.
பாலாற்றங்கரையில் பட்டுப்போன வேலிக்காத்தான் மரத்தடியில்
முனிரத்தினம் தோண்டிக்கொண்டு வந்தவை.

நான் ஒட்டிய சீட்டை அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்:
"சாதி நிர்ணயம். தட்டு மூணு."
நிமிர்ந்து, "பூச்சிக்கும் கீதா மேடம்?"

புத்தகத்தில் அந்தச் சொல்தான் என்கிறேன்.
யாரோ கப்பலில் வந்து, இங்கே பார்த்ததை
அங்கே ஒட்டியிருக்கலாம்.
உடம்பில் இந்தச் சுரப்பு ஏறினால்
அடுத்தடுத்த தோலுரிப்பில் சிப்பாய்,
ஏறாவிட்டால் மண் சுமக்க வேண்டியதுதான்.
"ஏத்துறது யாரு?"
புற்றுக்குள்ளே என்றால்
ஏற்கெனவே இருக்கும் சிப்பாய்களின் வாசனை, பருவம், பசி.
இந்தத் தட்டில்,
நான்.

துடைத்த மேசையையே அவர் மறுபடி துடைக்கிறார்.

பதினோராம் நாள் ஒன்று பால்வெள்ளையாகிவிட்டது.
தலை மட்டும் நீண்டு,
இதுவுமில்லை அதுவுமில்லை என்று
சுவரில் சாய்ந்து கிடக்கிறது.
"மகளோட சர்டிபிகேட்டுக்கு தாலுகா ஆபீஸ்ல மூணு நாள்.
உன்னுது லேட்டுப்பா" என்கிறார் அதனிடம்.

பிறகு தாடை பழுப்பேறியது.
பேர்தான் இளமைச் சுரப்பு.
வாய் முழுக்க ஆயுதம் வந்தபின்
மெல்ல முடியாது;
பக்கத்தில் நிற்கும் வேலையாள் ஊட்டினால் உண்டு.
திரும்பிப் போகவும் வழியில்லை.

துளியே விடாத தட்டிலும் ஒன்று சிப்பாயாயிற்று.
கணக்கில் இடிக்குது, கழிச்சிடு என்றார் வழிகாட்டி.
கழிக்கவில்லை.
சீட்டில் 'சாதி'யை அடித்துவிட்டு
வேறு சொல் தேடினேன்.
பிரிவு, வகை, வகுப்பு.
எதை எழுதினாலும்
அடித்த கோட்டுக்குக் கீழே பழையது தெரிந்தது.

ஜூன் முதல் மழைக்கு
ஜன்னல் வழியே ஈசல்.
என் தட்டு எதிலும் ஒருநாளும் வராத றெக்கைக்காரர்கள்,
டியூப்லைட்டில் மோதி மோதி
றெக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டு
ஜோடி ஜோடியாகத் தரையில் ஓடினார்கள்.
முனிரத்தினம் டிபன் பாக்ஸைத் திறந்து
வாரி வாரிப் போட்டார்.
"உப்பு, பொரியரிசி போட்டு வறுப்பா எங்கூட்ல.
நாளைக்கு எடுத்தாரேன். சாப்புடுவீங்களா மேடம்?"

கேட்டுவிட்டு
என்னைப் பார்க்காமல்
விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.