மேற்படி

சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
காபித்தூள் டப்பாவை எடுக்கிற போதெல்லாம்
எண்பத்து நான்கு கண்ணில் படும்.

1984. ஸ்வீடன்.
லூட்டனில் மழை, முழங்கால் வரை சேறு,
கடைசியில் பெனால்டி.
பாதிக்கு முப்பத்தைந்தே நிமிடம்,
பெண்ணுடம்பு அதற்குமேல் தாங்காதாம்.
அளந்து சொன்னவர் எவரோ,
எங்கள் கிடங்கில் ஒரு ராத்திரி ஷிஃப்ட் பார்த்ததில்லை.

1987. நார்வே.
1989. நாங்கள்.

நாங்கள் என்று எழுதக் கொஞ்சம் கூச்சம்தான்.
நான் ஆடவில்லை. பெட்டி கட்டினேன்.

ஸார் ஆற்றங்கரையில் பீங்கான் கிடங்கு.
மூன்றாம் மேசை எனக்கு, எதிர்மேசை நூர்தெனுக்கு.
அந்தக் கோடையில் ஓர் ஆர்டர் வந்தது:
காபி செட்டுகள், நீலமும் சிவப்புமாய்ப் பூப்போட்டவை,
ஒரு கால்பந்து அணிக்குக் காணும் எண்ணிக்கை.
யாருக்கென்று சீட்டில் இல்லை.
காகிதச் சுருள் திணித்து, நாடா ஒட்டி,
லாரியில் ஏற்றிவிட்டோம்.

ஒஸ்னாப்ரூக்கில் நார்வேயை
நான்குக்கு ஒன்று என்று வென்றவர்களுக்கு
ஆளுக்கொரு காபி செட் பரிசு என்று
அப்புறம் செய்தித்தாளில் படித்தோம்.
நாங்கள் கட்டியதுதானா அது?
சத்தியம் செய்ய மாட்டேன்.
நூர்தென் செய்வாள்.
ஆஃப்சைடில் போட்ட கோலுக்கே செய்தவள் அவள்.

அவள் மொழியில்
வென்று தூக்குவதும் கோப்பை,
ஊற்றிக் குடிப்பதும் கோப்பை.
என் மொழியில் இரண்டும் வேறு வேறு சொல்.
"அப்போ உங்க சங்கத்துல
யாரோ ஒரு துருக்கிக்காரர் இருக்கார்" என்றாள்,
"சொன்னதைச் சொன்னபடி வாங்கிட்டார்."
மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.
மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

எழுபது வரை எங்களுக்குத் தடை.
சங்கத்தின் புல்லில் பெண்கால் படக் கூடாது.
அறுபத்தொன்பதில், எனக்குப் பதினேழு,
உருளைக்கிழங்கு தோண்டி முடித்த வயலில் ஆடினோம்.
ஏழுக்கு ஏழு. கம்பத்துக்குப் பதில் பால்கேன்.
அன்று நான் நான்கு கோல் அடித்தேன்,
ஒன்று கேனில் பட்டு உள்ளே போனது,
அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
கதவிலும் எழுதவில்லை.
எண்பத்து நான்குக்கு மேலே
ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

1991 நாங்கள். 1993 நார்வே.
அதன்பிறகு என் பென்சில் சோம்பேறியானது.
95 நாங்கள்.
97 மேற்படி. 2001 மேற்படி.
2005, 2009, 2013,
மேற்படி மேற்படி மேற்படி.
கடைசி மேற்படியை எழுதும்போது
அடுப்பில் பால் பொங்கியது,
அதைத்தான் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

2017இல் நெதர்லாந்து என்று
முழுச் சொல்லாய் எழுத வேண்டி வந்தது.
முனை ஒடிந்தது. சீவி எழுதினேன்.
2022, வெம்ப்ளியில், கூடுதல் நேரத்தில், இங்கிலாந்து.
2025, பாசெலில்,
நாற்பத்தோரு வருஷம் முன்பு லூட்டன் சேற்றில்
எந்தப் பெனால்டியில் தோற்றார்களோ
அதே பெனால்டியில்,
மேற்படி.

அந்தச் சொல் கைமாறிப் போனது.
எனக்கு வருத்தமில்லை என்றால் பொய்.

பத்து நிமிடத்தில் இஸ்மிரிலிருந்து போன்.
"எழுதிட்டியா ரோஸ்விதா?"
"எழுதிட்டேன்."
"கதவுல இடம் இருக்கா?"
"இன்னும் ரெண்டு தாங்கும்."
"அப்புறம்?"
"அப்புறம் சுவர்."

பெட்டி கட்டிய அன்று
ஒரு கோப்பையின் காது உடைந்தது.
சேதாரம் ஒன்று என்று கணக்கில் கழித்து
வேறொன்றை வைத்தோம்.
உடைந்ததைப் பையில் போட்டுக்கொண்ட நூர்தென்
ஊர் திரும்பும்போது
என் மேசையில் விட்டுப் போனாள்.

காதில்லாத கோப்பையை
ஒற்றைக் கையால் எடுக்க முடியாது.
இரண்டு கையாலும் ஏந்தித்தான் உயர்த்த வேண்டும்,
கேப்டன்கள் தூக்குவது மாதிரி.

சூடு.
சீக்கிரம் கீழே வைத்துவிடுவேன்.