நாற்பத்தாறு சென்ரிமீற்றர்

முப்பது மீற்றருக்கு ஒரு கட்டம்.
தயாநிதியின் உழுந்துக் காணி
இரண்டரைக் கட்டத்தில் முடிந்துவிட்டது.
மாரி மழையைத் திரையில் பெய்வித்தேன்.
நீல அம்பு பிசகாமல்
நேரே குளத்துக்கு இறங்கிற்று.

ஒட்டுசுட்டானில் போய்ப் பார்த்தால்
வெள்ளம் பாதியில் திரும்பி
மேல்மண்ணை வழித்துக்கொண்டு போயிருக்கிறது.
உழுந்தின் வேரெல்லாம் வெளியே.

"இதாலை மண் அணை போனது தம்பி,
சண்டை முடிய டோசர் வந்து தள்ளினது.
அடி அப்பிடியே கிடக்கு."

என்னிடமிருந்த உயரப் படம்
அணைக்கு எட்டு வருசம் மூத்தது.

புல் மூடிய திட்டி.
ஏறி நின்று அளந்தேன்: நாற்பத்தாறு சென்ரிமீற்றர்.
அவ்வளவு போதும் தண்ணிக்கு.

நான் அதைக் குறித்து முடிக்க முன்னம்
தயாநிதி மண்வெட்டியை எடுத்து
திட்டியின் நடுவில்
ஒரு வாய் வெட்டினாள்.