முந்திரி

வின்னிபெக். இரவு ஒன்று பத்து.
முப்பத்தெட்டு சென்டிமீட்டர் பனி விழுந்து ஓய்ந்து
மைனஸ் இருபத்தொன்று.
என் மேசையில்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது தெருத்துண்டுகள்,
இருபத்தேழு வண்டிகள்,
மரிசோல் வைத்துவிட்டுப் போன பாதி டோனட்.

முதல் விடை நாலே விநாடியில் வந்துவிட்டது,
முழு எண்ணாக இரு என்று யாரும் அதட்டாத விடை.
அதன்படி தேவை
இருபத்தாறே முக்காலே மூணு வீசம் வண்டி.
ஆஸ்பத்திரிச் சாலையைப் பாதி ஒருவர் வழிக்க, பாதி இன்னொருவர்.
மார்டேல் தெருவுக்கு அரைக்கால் ஓட்டுநர்.
அழகாகத்தான் இருக்கிறது.
ஓட்டுநர்கள்தான்
முழுசாக வேலைக்கு வருகிறார்கள்.

இருபத்தேழு ஆக்கினால் போயிற்று என்பீர்கள்.
ஒரு தெருவை முழுசாக்கினால் இன்னொரு தெரு உடைகிறது.
ஆகவே சால்வர் கேட்கத் தொடங்குகிறது:
இந்த வண்டி இந்தத் தெருவுக்குப் போகுமா? ஒன்று.
போகாதா? பூச்சியம்.
கேள்விக்கு இரண்டு கிளை.
வேர் மேலே இலை கீழே ஒரு மரம்
வெட்ட வெட்டத் தழைக்கிறது.
இதுவரை கிடைத்ததில் நல்லது ஒரு பக்கம்,
இதைவிட நல்லது கிடையாது என்ற சாட்சி மறுபக்கம்,
இரண்டும் நெருங்கி நெருங்கி
பூச்சியம் புள்ளி மூன்று ஒன்று சதவீதத்தில்
அடம்பிடித்து நின்றன.
முந்நூற்று இருபதில் ஒரு பங்கு.
தமிழில் அதற்குப் பெயரே உண்டு: முந்திரி.
"இவ்வளவுதானே, விட்டுவிடேன்" என்கிறாள் மரிசோல்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிற பாஷை என்னுடையது.
இங்கே பனியை ஆற்றில் போட விடமாட்டார்கள்,
அளக்காமல் மட்டும் விடுவார்களா?

ஒன்றே முக்காலுக்கு வயர்லெஸில் லோர்ன் சவ்சக்,
நள்ளிரவிலிருந்து பெருஞ்சாலையில் இருப்பவர்.
"உன் வரைவு என்னை எட்டு இடத்தில் இடப்பக்கம் திரும்பச் சொல்கிறது.
என் தகடு வலப்பக்கம்தான் தள்ளும்.
இடம் திரும்பினால் சந்தி நடுவே
வரப்பு கட்டிவிட்டுப் போவேன்.
ஆம்புலன்ஸ் வந்து முட்டிக்கொள்ளட்டுமா?"

இருநூற்றுப் பன்னிரண்டு இடத்திருப்பங்களைத் தடைசெய்து
மறுபடி ஓடவிட்டேன்.
திரையில் ஒரே சொல்: சாத்தியமில்லை.
யார் குற்றம் என்று தானாகச் சொல்லாது அது.
துருவியதில் ஐந்து பேர் அகப்பட்டார்கள்.
ஆஸ்பத்திரி வழி ஆறு மணிக்குள்.
வண்டி இருபத்தேழு.
இடத்திருப்பம் கூடாது.
ஓட்டுநருக்கு நடுவில் அரை மணி ஓய்வு.
எல்லாத் தெருவும் ஏழுக்குள்.
ஐந்தும் ஒரு வீட்டில் வாழாது.
எதை வெளியேற்றினாலும்
மற்ற நாலும் சமாதானமாகிவிடும்.

கடைசியைத் தளர்த்தினேன்,
தாமதமாகும் தெருவுக்கு ஒரு விலை.
என்ன விலை?
விரல் கொஞ்ச நேரம் விசைமேல் நின்றது.
நாற்பது என்று போட்டேன்.
ஏன் நாற்பது என்று கேட்காதீர்கள்.

நாலு இருபதுக்கு இடைவெளி பூச்சியம்.
பதினொரு தெரு ஏழுக்குப் பிறகு.
இதற்குக் கீழே செலவு இறங்காது, நிரூபித்தாயிற்று.
பதினொன்றின் பெயர்களையும் ஒருதரம் உரக்க வாசித்தேன்.
மரிசோல் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் வண்டிகளின் தடம் வந்தது.
தாமதமான தெருக்கள் பத்து.
செலவு, நான் நிரூபித்த தரைக்கும் கீழே
ஏறக்குறைய ஒரு முந்திரி.

தரை பொய் சொல்லாது. வரி வரியாகத் தேடினேன்.
ஆறு பன்னிரண்டிலிருந்து ஆறு நாற்பத்திரண்டு வரை
பதினான்காம் வண்டி நின்றிருக்க வேண்டும்.
நிற்கவில்லை.
கோர்மன் சந்து என்ற முட்டுத்தெருவுக்குள் நுழைந்து
தகட்டை இறக்கி, ஏற்றி, பின்னாலேயே வந்திருக்கிறது.

கேட்டதற்கு லோர்ன்,
"பிளாஸ்க்கில் காபி ஆறிவிட்டது.
சும்மா உட்கார்ந்து என்ன செய்ய?"

வெள்ளிக்கிழமை இன்னொரு புயலாம்.
கோப்பைத் திறந்தேன்.
அந்த அரை மணியில் கைவைத்தால் எல்லாம் மலிவாகும்.
எனக்குத் தெரியும்.
சால்வரிடம் சொல்லவில்லை.
நான்காம் நிபந்தனையை இருந்த இடத்திலேயே விட்டு
நாற்பதை மட்டும்
ஐம்பதாக்கினேன்.