வரிக்கு நாலு டாலர்

லூனன்பர்க் வாரத்தாளில்
இறந்தவர்கள் என் மேஜைக்குப்
புதன்கிழமை மதியத்துக்குள் வந்துவிட வேண்டும்.
பிந்தியவர்களுக்கு அடுத்த வாரம்தான்.

வெர்னன் நிக்கிள், எழுபத்தொன்பது,
செவ்வாய் இரவே வந்துவிட்டார்.
மனைவி லவீனியா எழுதிய தாள், நடுங்காத கையெழுத்து.
அவர் போனது கடலில் அல்ல, கடலோர வீட்டில்.
'இன்' அடித்து 'பை' போட்டேன்.
மீன்பிடி ஊரில் அந்த ஒரு சொல்லுக்கு
ஒரு படகே மூழ்கிவிடும்.

அவள் முதல் திருமணத்திலிருந்து ஒரு மகன், கார்னெட்,
என்று ஒரு வரி.
இலக்கணத்தில் குறையில்லை. விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்குத் தொலைபேசி.
"நான்தான் அந்த மகன்.
'ஃப்ரம்' என்றால் எங்கிருந்தோ வந்த பார்சல் மாதிரி இருக்கிறது.
'ஆஃப்' போடுங்கள். சன் ஆஃப் வெர்னன்."

அம்மா எழுதியது பொய்யா என்றேன்.

"உண்மைதான். ஏழு வயதில்
ஒரு பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன்.
முப்பத்தெட்டு வருஷம் வெர்னன் என்றுதான் கூப்பிட்டேன்.
ஒருநாளும் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை.
கடைசியில் இன்னொரு வரி:
குட்பை, மை டாட்.
டாடுக்குப் பெரிய டி."

விதியைச் சொன்னேன். அதற்குத்தான் சம்பளம்.
முன்னால் 'மை' நின்றால் சின்ன டி.
'மை' விலகினால் அது பெயர், பெரிய டி.
ஒன்று, அவர் உங்களுடையவராக இருக்கலாம்,
அல்லது தலைநிமிர்ந்து நிற்கலாம்.
இரண்டும் சேர்ந்து கிடையாது.

அந்தப் பக்கம் ஒரு கெட்டில் கூவி அடங்கியது.
"யார் போட்ட விதி?"

தெரியவில்லை.
இருபத்திரண்டு வருஷமாக இழுப்பறையில் கிடக்கிறது,
தேநீர்க் கறையோடு.
எத்தனை அங்கிள்கள், எத்தனை ஆன்ட்டிகள்,
மை மதர், ஹிஸ் ஃபாதர்,
எல்லாருடைய தலையெழுத்தையும்
நீலப் பென்சிலால் சின்னதாக்கியிருக்கிறேன்.
ஒருவரும் எழுந்துவந்து கேட்டதில்லை.

"சின்ன டி போட்டால் அது வெறும் உறவுமுறை," என்றார்.
"எனக்கு அவரைக் கூப்பிட வேண்டும்."

பிறகு, கொஞ்சம் தயங்கி,
"அந்த வரிக்கும் காசு தருகிறேன்."

நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போனது.

வெள்ளிக்கிழமை, வழக்கம்போல, ஒன்பதடித்ததும்
ஓய்வுபெற்ற ஆசிரியை திருமதி கோர்கம்.
"ஆறாம் பக்கம், ஒடெஸா.
'மை'க்குப் பின்னால் பெரிய டி. நீ பார்க்கவில்லையா?"

பார்த்தேன், மேடம்.
பிழைதான்.
வரிக்கு நாலு டாலர் வாங்கிக்கொண்டு போட்டது.