ஏழு விநாடி

ஆண்டிறுதி விடுமுறைக்கு முதல்நாள்
தலைமையாசிரியை புலனத்தில் ஒரு படிவம் அனுப்பினார்:
விடுமுறையைப் பயனுள்ள வகையில் எவ்வாறு கழித்தீர்கள்?
மூன்று வரிக்கு மிகாமல்.

பதினெட்டு ஆண்டுகளாக இதையேதான்
நான் பிள்ளைகளிடம் கேட்டு வருகிறேன்,
நூறு சொல்லுக்குக் குறையாமல்.
எல்லாரும் போர்ட்டிக்சன் கடலுக்குப் போனதாக எழுதுவார்கள்.
கடலையே பார்க்காதவன்
அலையை நன்றாக எழுதுவான்.

முதல் வாரம் தூங்கினேன்.
அதை எந்த வரியில் எழுதுவது?
பிடரிக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது,
ஏழு இருபதுக்கு, பிறகு பத்துக்கு.
நாலாம் நாள்தான் ஓய்ந்தது.
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன்.
ஓராண்டுச் சிவப்புப் பேனாக்களை
ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன்.
இயங்கலையில் பயிலரங்கு மூன்று;
கேமராவை அணைத்துவிட்டு
நெத்திலி ஆய்ந்தேன்.

அப்புறம், யாரிடமும் சொல்லாமல்,
செம்பனை ஆலையைத் தாண்டிய திடலில்
மோட்டார் சைக்கிள் உரிமத்துக்குப் பெயர் கொடுத்தேன்.
சேவை, இலட்சியம், ஒன்றும் இல்லை.
நாற்பத்து நாலு வயதில்
பகாவ் இரவுச்சந்தைக்குப் போய் ஒரு அப்பம் பாலிக் வாங்க
அண்ணன் மகனைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அங்கே ஒரு பலகை கிடக்கிறது.
பலகை என்பது பேச்சுக்கு; சிமெண்டு.
ஒன்றரைச் சாண் அகலம்.
அதன்மேல் வண்டியை ஏற்றி
ஏழு விநாடிக்குக் குறையாமல் போக வேண்டும்.
வேகமாகப் போனால் தோல்வி.
கால் ஊன்றினால் தோல்வி.
மெதுவாகப் போகிறவருக்கு மதிப்பெண் தரும் தேர்வை
வாழ்நாளில் அங்கேதான் பார்த்தேன்.

"லாகி, சிக்கு" என்பார் பயிற்றுநர் சுல்கிஃப்லி,
ரொட்டிக்கு மாவு வீசுகிறவர் போல அலுக்காமல்.
மூன்று விநாடியில் வலப்பக்கம்.
நாலு விநாடியில் இடப்பக்கம்.
முழங்காலில் செம்மண்.
ஆலையிலிருந்து வேகும் பழத்தின் புளித்த வாடை.
பின்னால் வரிசையில் பதினாறு தலைக்கவசங்கள்.

அதில் ஒன்று யுகேஸ்வரன்.
ஐந்து வருடத்துக்கு முன் ஆறாம் வகுப்பு, சன்னலோரம்.
பின்னத்தில் வகுத்தல் வரவே வராது.
ஒருநாள் வெண்பலகை முன்னால் அவனைப்
பாடவேளை முடியும்வரை நிற்க வைத்து
"எல்லாரும் பாருங்கள்" என்றேன்.
எல்லாரும் பார்த்தார்கள்.
அறிக்கை ஏட்டில் எழுதினேன்: கவனம் தேவை.
அந்த ஆண்டு முழுக்க அதே இரண்டு சொல்.

இப்போது என் முறை.
கவனம் இருந்தது.
உடம்பெல்லாம் கவனம்தான்,
அந்தக் கவனத்திலேயே கை நடுங்கியது.
ஐந்தாம் விநாடி விழுந்தேன்,
வண்டி என்மேல்.

நிமிர்ந்து பார்த்தபோது
அவன் குனிந்து
சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.
நன்றாகக் கட்டியிருந்த கயிறு.
அவிழ்த்தான், இழுத்தான், நிதானமாக மறுபடி கட்டினான்,
நான் எழுந்து, மண்ணைத் தட்டி,
வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரம் சேரும்வரை.
அதன் பிறகே தலைநிமிர்ந்து
"டீச்சர்! பசியாறிட்டீங்களா?" என்றான்,
அந்த நொடிதான் என்னைக் கண்டவன்போல.

தேர்வன்று அவன் பத்து விநாடி.
எனக்கு அதிகாரி 'காகால்' என்றார்,
மூன்றாம் வகுப்பு மலாய்ப் பாடத்தில்
நான் எழுத்துக்கூட்டிக் கற்ற சொல்.
மறுதேர்வு, பள்ளி திறந்து இரண்டாம் வாரம்.

படிவத்துக்கு நினைவூட்டல் இரண்டுமுறை வந்துவிட்டது.
முதல் வரி: பயிலரங்கு மூன்று.
இரண்டாம் வரி: மேற்படி.
மூன்றாம் வரியில் 'கயிறு' என்று எழுதி,
தலைமையாசிரியை பதறிப்போவார் என்று அழித்தேன்.

நேற்று இரவுச்சந்தைக்குப் போனேன்
(அண்ணன் மகன்தான் ஏற்றிப் போனான்).
கயிறு வைத்த சப்பாத்து ஒரு ஜோடி வாங்கினேன்.
பதினெட்டு ஆண்டும் நான் போட்டது
கயிறில்லாத சப்பாத்து.

வெண்பலகை முன்னால் யாராவது நிற்கும்போது
தேவைப்படும்.